ஒரு மாதத்தில் முடியும் என்றார்கள்

1941 செப்டம்பர் 5. அமெரிக்காவோடு போர் மூண்டால் எவ்வளவு காலத்தில் முடிப்பீர்கள் என்று ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ தரைப்படைத் தலைமைத் தளபதி சுகியாமாவைக் கேட்கிறார். தென்கடல் பகுதியை மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்கிறார் தளபதி. சீனச் சண்டை ஒரு மாதத்தில் முடியும் என்று 1937இல் சொன்னதும் நீங்கள்தானே, நாலு வருடமாகியும் முடியவில்லையே என்று பேரரசர் மடக்குகிறார். சீனாவின் உட்பகுதி பரந்து கிடக்கிறது என்று பதில் வருகிறது. பசிபிக் அதைவிடப் பரந்ததாயிற்றே என்று கடிந்துகொள்கிறார். அப்படியும் டிசம்பரில் போரைத் தொடங்கிவிட்டார்கள்.

சீனாவில் மாட்டிக்கொண்ட படைக்கு எண்ணெய் வேண்டும். அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 ஜூலையில் தென் இந்தோசீனாவில் படையை இறக்கியபோது, அமெரிக்கா எண்ணெயை நிறுத்தும் அளவுக்குப் போகாது என்று டோக்கியோ நினைத்தது. எண்ணெய் நின்றது. நிறுத்தினால் ஜப்பான் பணிந்துவிடும் என்று வாஷிங்டன் நினைத்தது. ஜப்பானோ, இருப்பு தீருமுன் டச்சுக்காரர்கள் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கப் புறப்பட்டது. சிங்கப்பூர் தளம் இருக்கையில் யாரும் நெருங்கமாட்டார்கள் என்று லண்டன் நம்பியது. விமானத் துணையில்லாமல் போன பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் டிசம்பர் 10 அன்று மூழ்கின. மறுநாள் ஹிட்லர் தானாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஆசியச் சண்டையும் ஐரோப்பியச் சண்டையும் ஒன்றாயின.

ஆளாளுக்கு, எதிராளி பின்வாங்குவான் என்று வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பின்வாங்காவிட்டால் என்ன என்று கேட்டவர்களின் பேச்சு எடுபடவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

நான் கேரளத்து ஏலப்பாறையில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். கங்காணி பேச்சை நம்பி ஊரைவிட்டுக் கிளம்பியவர்களில் எங்கள் ஆச்சி இந்த மலைக்குக் கொழுந்து எடுக்க வந்தாள். அவள் அண்ணன் மலேயாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதன்பிறகு அவரிடமிருந்து கடிதாசி வரவில்லை. மலேயாத் தோட்டங்களில் இருந்த ஏராளமான தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகளுக்குத் தப்ப முடியாமல்தான், காட்டுக்குள் 415 கிலோமீட்டருக்கு அந்தப் பாதை தேவைப்பட்டது. காலராவிலும் பட்டினியிலும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆசியக் கூலிகளில் சுமார் 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பெயர்ப்பட்டியல் இல்லாததால் அதை மதிப்பீடாகத்தான் சொல்ல முடிகிறது. ஆச்சியின் அண்ணன் அவர்களில் ஒருவரா என்று எந்தக் காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

எங்கள் மலையும் தப்பவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றுபோனது. அதை நம்பியிருந்த எங்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ரேஷன் வந்தது. அரிசி இல்லாத வீடுகள் கப்பக்கிழங்கை அவித்துத் தின்றன. உணவு விளைச்சலைப் பெருக்க அரசாங்கமே ஹைரேஞ்சு எனும் எங்கள் மலைப்பகுதிக் காடுகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. மரங்கள் சாய்ந்தன, கீழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் ஏறின, அவர்களைப் பார்த்து இன்னும் பலர் ஏறினார்கள். அப்படிக் குடியேற்றம் பெருகிய அய்யப்பன்கோவிலில், இடுக்கி அணைக்காக 1961இல் அதே அரசு எந்திரம் வந்து குடிசைகளைப் பிரித்தெறிந்து, ஜனங்களை அமராவதி என்ற இடத்தில் இறக்கிவிட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அங்கே வந்து உண்ணாவிரதம் உட்கார்ந்த பிறகுதான் அரசு இறங்கி வந்தது.