சாரல் கூட்டமும் நம் பற்று வரவும்

ஐந்தருவியில் குளித்து எழுந்தவருக்குப் பசி பொறுக்காது. ஈரத் தலையோடு பரோட்டாக் கடை தேடுவார். 1956 வரை செங்கோட்டை மலையாள ராஜ்யத்தில் இருந்தது; பிரானூர்ப் பக்கம் எல்லை. ‘பார்டர்’ பரோட்டா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தக் கடைகளுக்கு மைதாவும் எண்ணெயும் மிளகும் கொடுப்பவர்கள் நாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலை நம்பிக் கடனுக்கு ஏற்றிவிடுகிறோம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம்; அருவிகளில் குளிக்கத் தடை. கூட்டம் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கல்லா இல்லை, நமக்கு வசூல் இல்லை.

ஆகவே வாரக் கணக்கை வாரத்திலேயே முடிப்போம். பாக்கி நிற்கிறதே என்று மட்டமான எண்ணெயைத் தள்ளிவிட வேண்டாம். ருசி கெட்டால் ஊர்ப் பெயர் கெடும். பிறகு நம் வியாபாரமும் கெடும். கணக்கில் கறார், சரக்கில் சுத்தம்!