கிளிப்லெஸ் பெடல்

கிளிப்லெஸ் பெடல் என்பது மிதிவண்டி ஓட்டுபவரின் காலணியைத் தன்னோடு பூட்டிக்கொண்டு, குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பும்போது விடுவிக்கும் பெடல் வகையாகும். காலணியின் அடிப்பகுதியில் திருகாணிகளால் பொருத்தப்படும் உலோகத் துண்டு அல்லது நெகிழித் துண்டு கிளீட் எனப்படுகிறது. பெடலில் உள்ள சுருள்வில் கொக்கி இக்கிளீட்டைக் கவ்விக்கொள்கிறது. சாலைப் பந்தயம், மலைப்பாதை ஓட்டம், நெடுந்தூரப் பயணம் ஆகியவற்றில் இவ்வகைப் பெடல்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

பெயர்க் காரணம்

காலைப் பூட்டும் ஒரு கருவிக்குக் "கிளிப் இல்லாதது" எனப் பொருள்படும் பெயர் அமைந்திருப்பது புதியவர்களைக் குழப்பக்கூடும். இங்கு கிளிப் என்பது முன்பு வழக்கில் இருந்த கால்விரல் கூண்டைக் குறிக்கும். பந்தய வீரர்கள் பெடலின் முன்புறம் இருந்த கூண்டுக்குள் பாதத்தை நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக்கொண்டனர். வண்டியை நிறுத்துமுன் கையைக் கீழே நீட்டி வாரைத் தளர்த்த வேண்டியிருந்தது. அந்தக் கூண்டு இல்லாத பெடல் என்பதே பெயரின் பொருள்.

வரலாறு

காலணியைப் பெடலோடு பிணைப்பது எளிது. விழும் கணத்தில் கைப்படாமல் விடுபடச் செய்வதே கடினம். இத்தாலியரான சீனோ சினெல்லி 1971இல் வெளியிட்ட எம்71 பெடலில் காலணி உறுதியாகப் பூட்டிக்கொண்டது. ஆயினும் அதை விடுவிக்கக் கையால் ஒரு நெம்பியை நகர்த்த வேண்டியிருந்ததால், அது பரவலாக ஏற்கப்படவில்லை.

தீர்வு பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையுடன் காலணியைப் பிணைக்கும் பூட்டுகளைத் தயாரித்து வந்தது. சறுக்குபவர் விழுந்து கால் முறுக்கப்பட்டால் அப்பூட்டு தானே திறக்க வேண்டும். இல்லையெனில் எலும்பு முறியும். இதே முறையை அந்நிறுவனம் 1984இல் மிதிவண்டிப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பெர்னார் இனோ இப்பெடல்களுடன் தூர் டி பிரான்சு பந்தயத்தை ஐந்தாம் முறையாக வென்றார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே தொழில்முறைப் பந்தயங்களில் தோல்வார்கள் வழக்கொழியத் தொடங்கின. 1990இல் சப்பானின் ஷிமானோ நிறுவனம் எஸ்பிடி என்ற சிறிய கிளீட்டை அறிமுகப்படுத்தியது.

வகைகள்

இரண்டு திருகாணிகள் கொண்ட எஸ்பிடி வகைக் கிளீட் உலோகத்தாலானது. காலணியின் அடிப்பகுதிக்குள் பதிந்திருக்கும். எனவே இதை அணிந்து இயல்பாக நடக்கலாம். மூன்று திருகாணிகள் கொண்ட லுக், எஸ்பிடி-எஸ்எல் வகைகள் சாலைப் பந்தயத்திற்கானவை. இவற்றின் பெரிய நெகிழிக் கிளீட் வெளியே துருத்தி நிற்பதால் நடை வாத்து நடைபோல் ஆகிவிடும். தரையில் நடக்க நடக்கத் தேய்ந்தும் போகும். புதிதாகத் தொடங்குபவருக்கு இருபுறமும் பூட்டக்கூடிய எஸ்பிடி பெடலே ஏற்றது. எஸ்எச்51 என்ற வழக்கமான கிளீட் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடுபடும். எஸ்எச்56 கிளீட் பல திசைகளிலும் விடுபடும்.

கிளீட்டைப் பொருத்துதல்

பூட்டிய பின் பாதம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் முறை ஒரே நிலையில் சுழலும். ஆகவே கிளீட் சிறிது கோணலாக இருந்தாலும் அதன் விளைவை முழங்கால் தாங்க நேரிடும். பெருவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் அடிமூட்டுகள் இருக்கும் இடங்களைக் காலணியின் பக்கங்களில் குறித்துக்கொண்டு, பெடலின் அச்சு இவ்விரண்டு குறிகளுக்கும் இடையில் வருமாறு கிளீட்டை வைப்பது நல்ல தொடக்கமாகும். கோணத்தை அறிய, உயரமான மேசையில் அமர்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பாதங்கள் இயல்பாக நோக்கும் திசையைக் கவனிக்கலாம். இரு கால்களும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

பூட்டு திறக்காமலேயே பாதம் சிறிது அசையும் அளவு மிதவை எனப்படும். ஷிமானோவின் சாலைக் கிளீட்டுகளில் மஞ்சள் நிறம் 6 பாகையும், நீலம் 2 பாகையும் மிதவை கொண்டவை. சிவப்பில் மிதவை இல்லை. லுக் கியோ வகையிலோ சிவப்பு 9 பாகை, சாம்பல் 4.5 பாகை, கறுப்பு சுழியம். ஒரே சிவப்பு இரு நிறுவனங்களில் நேரெதிரான பொருள் தருவதால் வாங்கும்போது கவனம் தேவை. புதியவர்கள் மிதவையற்ற கிளீட்டைத் தவிர்ப்பது நன்று.

பழகுதல்

முதல் சில நாட்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது விழுகின்றனர். பெரும்பாலும் வண்டி ஓடும்போது அன்று, நிற்கும்போதே இது நிகழ்கிறது. நிலை தடுமாறும்போது காலை நேராக மேலே இழுப்பதே பல ஆண்டுப் பழக்கம். பூட்டோ திருப்பினால்தான் திறக்கும். ஓட்டுபவர் காலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி மெதுவாகச் சாய்ந்துவிடும். புல்தரையில் இது வேடிக்கை. பின்னால் பேருந்து வரும் சாலைச் சந்திப்பில் அவ்வாறன்று. எனவே திருப்பும் செயல் நினையாமலே வரும்வரை போக்குவரத்துள்ள சாலைக்குச் செல்லலாகாது.

எஸ்பிடி பெடலின் இறுக்கத்தை 3 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் முப்பது நாற்பது முறை பூட்டி விடுவிக்க வேண்டும். பெடல் சுழற்சியின் அடிப்பகுதியில் இருக்கும்போது திருப்புவது எளிது. அடுத்து, திறந்த மைதானத்தில் ஒரு காலை மட்டும் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். நிறுத்தும்போது வண்டி உருண்டுகொண்டிருக்கும் போதே காலை விடுவித்து, விடுவித்த காலின் பக்கமே சாய வேண்டும். இந்தியா, இலங்கை போன்று இடப்பக்கம் செல்லும் நாடுகளில் இடக்காலை ஊன்றப் பழகுவது பொருத்தமானது. சாலையோரம் அப்பக்கமே உள்ளது.

பயன்

பெடலை மேல்நோக்கி இழுத்து ஆற்றலைக் கூட்டலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கோர்ஃப் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தவர்களின் உடல்வினைத் திறன் குறைந்தே காணப்பட்டது. மேடுபள்ளத்திலும் விரைவான மிதிப்பிலும் பாதம் நழுவாமல் இருப்பதே இப்பெடலின் உறுதியான பயன். அன்றாடம் கடைக்குச் சென்றுவரச் சாதாரணப் பெடலே போதும்.

பராமரிப்பு

கிளீட்டின் திருகாணிகளை முதல் சில பயணங்களுக்குப் பின் மீண்டும் இறுக்க வேண்டும். இரண்டு திருகாணிகளில் ஒன்று கழன்று விழுந்தால், குதிகாலைத் திருப்பும்போது காலணி மட்டும் சுழலும். கிளீட் பெடலிலேயே நின்றுவிடும். அந்நிலையில் பூட்டு திறக்காது. காலணியின் கட்டை அவிழ்த்து, காலை உருவிக்கொள்வதே வழி.