மகப்பேற்றுச் சிகிச்சை: பரிந்துரைக்கும் முடிவுக்கும் இடையே

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனைச் சைவர்கள் தாயுமானவர் என்பர். பேறுகாலத்தில் இருந்த மகளிடம் வந்துசேர முடியாமல் காவிரி வெள்ளம் தாயைத் தடுத்தபோது, தாயின் வடிவில் வந்து துணைநின்றவர் என்பது அத்தலத்தின் வரலாறு. சமயபுரத்தில் பிள்ளைவரம் பெற்றோர் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வலம்வருகின்றனர். நத்தர்வலி தர்காவில் நேர்ச்சை செய்வோரும் ஒரு சமயத்தார் அல்லர். இவ்வூர் மக்கள் பிள்ளைப்பேற்றை எத்துணை பெரிதாகக் கருதினர் என்பதற்கு இவை சான்றாகும். இன்று அதே ஏக்கத்துடன் திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து தில்லைநகர் மருத்துவமனைகளுக்குச் செல்லும் தம்பதியர், “அடுத்த மாதமே ஐ.வி.எஃப். தொடங்கலாம்” என்னும் பரிந்துரையுடன் வீடு திரும்புகின்றனர். அச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் காலம். ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தரிக்காமையையே மருத்துவம் மகப்பேறின்மை என வரையறுக்கிறது. ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இதனை எதிர்கொள்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஓராண்டு கடந்துவிட்டாலே கதவு அடைபட்டது என்பதில்லை. பெண் நாற்பது வயதுக்கு உட்பட்டவராயின், முதலாண்டில் கருவுறாதவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் ஆண்டில் இயல்பாகவே கருவுறுகின்றனர். ஆதலால்தான், காரணம் இன்னதெனப் புலப்படாத நிலையில், மொத்தம் ஈராண்டு முயன்ற பின்னரே ஐ.வி.எஃப். பற்றி எண்ணவேண்டும் என்று இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி கூறியது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு மணமான பதினான்காம் மாதத்தில் இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், “சற்றுக் காத்திருந்தால் என்ன இழப்பு?” என்று வினவுவது மரியாதைக் குறைவன்று. அதே வினாவை முப்பத்தெட்டு வயதுப் பெண் எழுப்பினால் விடை வேறு. அவருக்கு ஆறு மாதத் தாமதமே பெரிது. இரு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தால் எவ்வயதிலும் காத்திருப்பதில் பயனில்லை.

அடுத்து, கணவனின் பரிசோதனை. குறை ஆணிடத்தும் இருக்கிறது. ஏறத்தாழப் பாதி இணையரிடத்தில் அதற்கும் பங்குண்டு. எனினும் நம் குடும்பங்களில் மனைவி கருக்குழாய்ப் படம், இயக்குநீர்ச் சோதனை, நுண்துளை ஆய்வு என அனைத்தையும் முடித்துவிட்ட பின்னரும் கணவன் ஒரு சிறு குப்பியில் விந்து கொடுக்க மறுக்கும் அவலத்தைக் காண்கிறோம். அதற்குள்ளாகவே “மறுமணம் செய்துவைப்போம்” என்ற பேச்சும் எழுந்துவிடுகிறது. இது அறமும் அன்று, மருத்துவமும் அன்று. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதமாகும். ஆகவே முதல் சோதனையில் குறை தெரிந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிப்பதே முறை.

விளம்பரப் பலகைகளின் விழுக்காடுகளை ஐயத்துடனேயே நோக்கவேண்டும். “எழுபது விழுக்காடு வெற்றி” என்றால் எதில் எழுபது? சோதனையில் கரு உறுதியானதா, குழந்தை உயிருடன் பிறந்ததா? எவ்வயதினரிடம்? சொந்தச் சினைமுட்டையாலா, பிறர் முட்டையாலா? இங்கிலாந்தின் ஒழுங்காற்று ஆணையம் இவற்றை வயதுவாரியாக வெளியிடுகிறது. அங்கே முப்பத்தைந்துக்கு உட்பட்டோரில், கருப்பைக்கு மாற்றப்படும் கருவொன்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றே குழந்தையாகப் பிறக்கிறது. நாற்பதைக் கடந்தால் பத்தில் ஒன்று. நகையை அடகு வைத்துப் பணம் திரட்டும் குடும்பம், ஒருமுறை தோற்றால் மறுமுறைக்கு வழியுண்டா என்பதை முதல் முறைக்கு முன்னரே கணக்கிட்டுக்கொள்ளல் நலம். தோல்வியின் துயரில் எடுக்கப்படும் முடிவு, போட்ட பணத்தை மீட்கும் சூதாட்டமாக எளிதில் மாறிவிடுகிறது.

இனி மார்க்கத்தின் நிலை. 1978 சூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா பிறந்தாள். (அவரது சாதனையை அன்றைய அரசுக் குழு ஏற்க மறுத்தது; 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நம் நாட்டு அறிவியல் வரலாற்றின் கறைகளுள் அது ஒன்று.) 1980 மார்ச்சில் எகிப்தின் ஷைகு ஜாதுல் ஹக், கணவனின் விந்தணுவும் மனைவியின் சினைமுட்டையும் மட்டுமே சேருமாயின் இச்சிகிச்சை ஆகுமானது எனத் தீர்ப்பளித்தார். மக்காவின் ஃபிக்ஹ் மன்றம், ஒரு மனைவியின் கருவை அதே கணவனின் மற்றொரு மனைவி சுமப்பதை 1984இல் ஏற்று, 1985இல் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. தாய் யார் என்பதில் எழும் குழப்பமே காரணம். 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் அகாதமி ஏழு முறைகளை ஆராய்ந்து, மூன்றாமவர் நுழையும் ஐந்தையும் விலக்கி, தம்பதியருக்குள் அமையும் இரண்டை மட்டும் தேவையின்போது அனுமதித்தது. ஷியாக்களிடையே வேறு கருத்தும் உண்டு. நஸப் என்னும் வம்சத் தூய்மையே இவ்விவாதத்தின் அச்சாகும்.

இதனால் நடைமுறையில் தம்பதியர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. “தேவைப்பட்டால் தானமுட்டை” என்னும் வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா எனக் கையொப்பமிடுமுன் படிக்கவேண்டும். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டம் மருத்துவமனைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. எழுத்துமூல ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. கருவைக் கருப்பைக்குள் வைக்கும் முன்னர் வரை அவ்வொப்புதலைத் திரும்பப் பெறவும் இடமளிக்கிறது. பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையுமே இச்சிகிச்சைக்கு அனுமதி. எஞ்சிய கருக்களைப் பத்தாண்டு வரை உறையவைக்கலாம். அவற்றின் கதி என்ன, கணவன் இறந்தாலோ மணவிலக்கு நேர்ந்தாலோ என்ன என்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவது பின்வரும் சிக்கலைத் தவிர்க்கும்.

சிகிச்சை வேண்டாம் எனத் துணிவதும் ஒரு முடிவே. நோய்க்கு மருந்து தேடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தது உண்மை. எனினும் எல்லாச் சிகிச்சையையும் எல்லாரும் ஏற்றே தீரவேண்டும் என்று அறிஞர்கள் அதற்குப் பொருள்கொள்ளவில்லை. தான் நாடியோரை மகப்பேறற்றோராக ஆக்குவதும் இறைவனின் செயலே என்று குர்ஆன் கூறுவதால், பிள்ளையில்லாமை குற்றமாகவோ தண்டனையாகவோ ஆகிவிடாது. அநாதைக் குழந்தையை வளர்க்க விரும்புவோர்க்கு வழி திறந்தே இருக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எச்சமயத்தவரும் தத்தெடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. மார்க்கம் குழந்தையின் தந்தைப் பெயரை மாற்றுவதை ஏற்பதில்லை, வளர்ப்பதைப் போற்றுகிறது. வளர்ந்தபின் மஹ்ரம் பற்றி எழும் தயக்கத்துக்கும் ஒரு தீர்வு உண்டு. மருத்துவ உதவியால் வளர்ப்புத்தாய்க்குப் பால் சுரக்கச் செய்ய இயலும். இரண்டு வயதுக்குள் அப்பாலைக் குடித்த குழந்தைக்கு அவள் பால்குடித் தாயாகிவிடுகிறாள். ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு ஐந்து முறை பாலருந்துதல் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒருமுறையே போதும்.