தரையும் வாங்கும்: தேவாலய உள்ளமைப்பு பற்றிய சில குறிப்புகள்

பொத்துவிலிலிருந்து கல்முனைவரை நீளும் கரையோரத்திற் பள்ளிவாசல்களே மிகுதி. கோயில்களும் தேவாலயங்களும் இடையிடையே உள்ளன. பள்ளிவாசலில், முதியோருக்கெனப் பின்புறம் இடப்படும் சில கதிரைகள் நீங்கலாக, இருக்கை இல்லை. தொழுவோர் தோளோடு தோள் சேர வரிசையில் நிற்பர். முந்தி வந்தவர் முன்னே நிற்பார். (பெண்களுக்குரிய இடம் பற்றிய வினா அங்கும் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை.) தேவாலயத்திலோ வாங்கு போட்டதும் முன், பின், வலம், இடம் என்பன நிலைபெற்றுவிடுகின்றன. ஆதலின், பழைய தேவாலயமொன்றின் தரையைப் பெயர்த்து ஓடு பதித்துப் புதிய இருக்கை இடுவதை மேசனும் தச்சரும் மட்டுமே தீர்க்கும் அலுவலாகக் கொள்ளலாகாது.

நமது பேச்சிலுள்ள வாங்கு, கதிரை ஆகிய இரு சொற்களும் போர்த்துக்கேயம் தந்தவை. எனினும் ஐரோப்பியத் தேவாலயங்களிற்கூட நிலையான இருக்கை ஆதிமுதல் இருந்ததன்று. இடைக்காலத்தின் பெரும்பகுதியில் மக்கள் நின்றும் முழந்தாளிட்டுமே வழிபட்டனர். சீர்திருத்த இயக்கத்தின்பின் நீண்ட பிரசங்கம் வழிபாட்டின் நடுவிடத்தைப் பெற்றதும் வாங்கு பரவியது. இங்கிலாந்தில் அதற்கு வாடகையும் அறவிட்டனர். வாடகை கொடுக்க இயலாதோர் ஒதுக்கமான இடங்களில் இருந்தனர்.

தமிழ்ச் சூழலில் பணத்தின் இடத்தைச் சாதி பிடித்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம் இதற்குத் தக்க சான்று. அதன் கட்டட அமைப்பே சாதியின் வரைபடம் எனலாம். இரு நீண்ட மண்டபங்கள் விரிந்த கால்களைப்போல் நீண்டு, ஒரே பீடத்திற் சந்தித்தன. பீடத்தில் நின்ற குரு இருபுறத்தாரையும் கண்டார். இருபுறத்தார் ஒருவரையொருவர் காணவில்லை. ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடாரும் ஏனையோரும். கால்சட்டைக் கோயில் என்ற ஏளனப் பெயரும் இதனாலேயே வந்தது. 1910இல் கௌசானல் அடிகள் இடைச்சுவரை இடிப்பித்தார். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. தனியிடம் தமது உரிமை என்ற அவர்களது வாதம் அங்கு எடுபடவில்லை. ஒரு சுவரை அகற்றுவது உள்ளலங்கார வேலையாயின் நீதிமன்றத்துக்கு அங்கே என்ன வேலை?

ஈழத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சமஆசனம் கோரப்பட்டபோது எதிர்ப்பு வன்முறையாக வெடித்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலிருந்து வாங்குக்கு ஏறுவதையே எதிர்த்தோர் பொறுக்கவில்லை.

இனி, தரையை நோக்குவோம். கடலோர மண்ணில் உப்பும் ஈரமும் கலந்துள்ளன. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய கட்டடங்களில் நிலத்தின் ஈரம் தரையின் நுண்துளைகளூடாகச் சிறிதுசிறிதாக ஆவியாகும். அதன்மீது சீமெந்துப் படுகையும் பளபளக்கும் ஓடும் வந்தால் அவ்வழி அடைபடும். ஈரம் சுவரை நாடும். அதனுடன் ஏறும் உப்பு பூச்சின் அடியில் பளிங்காகிப் பருத்துப் பூச்சை உதிர்க்கும். சில ஆண்டுகளிற் சுவர் ஆளுயரத்துக்குக் கறுத்து உரியும். பழி பெரும்பாலும் மேசன்மீதே விழும். ஒலியும் மாறும். பாய் ஒலியை உள்வாங்கும். ஓடு அதனைத் திருப்பி எறியும். பிரசங்கம் தெளிவாகக் கேட்கவென்று வந்த வாங்கின் கீழ் எதிரொலிக்கும் தரையை இடுவது வேடிக்கையே.

வாங்கைத் தரையோடு ஆணியிட்டு இறுக்குவதா, நகர்த்தக்கூடியதாக விடுவதா என்பதும் சிறுவினா அன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்பின் இக்கரையோரத்திற் பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் வீடிழந்தோரின் தங்கிடங்களாயின. அவ்வேளை வேண்டப்பட்டது பாய் விரிக்க வெறுந்தரை. நகரும் வாங்கு ஒரு மணிநேரத்திற் சுவரோரம் ஒதுங்கிவிடும். இறுக்கிய வாங்கை அகற்றத் தச்சரைத் தேட வேண்டும். இருக்கையின் முதுகிற் கொடையாளர் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது: பெயர் பொறித்த வாங்கில் அக்குடும்பத்தார் வரும்வரை பிறர் அமரத் தயங்குவர்.