குப்பையில் பிறந்த ஆமை

இயந்திர மனிதன் என்றதும் கையும் காலும் முளைத்து, கண்ணில் சிவப்பு விளக்கு மின்ன நடந்து வரும் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் தானே வழிதேடிச் சென்ற முன்னோடி இயந்திரங்களுள் இரண்டு, ஆமை வடிவில் இருந்தன.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளையை ஆராய்ந்து வந்த கிரே வால்ட்டர், 1948-49ஆம் ஆண்டுகளில் அவற்றைச் செய்து, எல்மர், எல்சி என்று பெயரிட்டார். போர்க்காலத்தில் மிஞ்சிய மின்பொருள்களும் பழைய கடிகாரப் பற்சக்கரங்களும் அவற்றின் உறுப்புகளாயின. மூளையாக இரண்டே வால்வுகள். ஒளியை அறிய ஒரு கண். எதிலேனும் முட்டினால் உணர்த்த மேலே ஓர் ஓடு. இவ்வளவுதான்! ஆயினும் அவை விளக்கை நாடிச் சென்றன. நாற்காலிக் கால் தடுத்தால் விலகிச் சென்றன. மின்கலம் தளர்ந்தால் விளக்கெரியும் தம் கூட்டுக்குத் திரும்பின. உறுப்புகள் எத்தனை என்பதைவிட, அவை எப்படி இணைந்துள்ளன என்பதே பெரிது என்பது வால்ட்டரின் கருத்து.

அதை எங்கள் அறிவியல் மன்றத்தில் நாங்களே கண்டோம். உடைந்த பொம்மைக் கார்களிலிருந்து இரு மோட்டார்கள், பழுதான டேப் ரெக்கார்டர்களிலிருந்து இரு டிரான்சிஸ்டர்கள், இருட்டினால் தானே எரியும் இரவு விளக்குகளிலிருந்து இரு ஒளியுணர்விகள் ஆகியவற்றைச் சேர்த்தோம். (ஒருத்தி வீட்டில் நல்ல வானொலியே பிரிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கதையை எழுத வேண்டாமென்று கெஞ்சுகிறாள்.) பழைய தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் தொடவில்லை, மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பிஸ்கட் டின் மூடியில் பூட்டினோம். தகரத்தில் கம்பி பட்டு மின்கலம் கொதித்தது. பிறகு அட்டைக்கு மாறினோம். ஒளியுணர்வியில் வெளிச்சம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி மோட்டாரை விரைவாகச் சுழற்றும். ஆவலோடு டார்ச் அடித்தோம். எங்கள் ஆமையோ அஞ்சியதுபோல் திரும்பி, பெஞ்சுக்கு அடியில் ஓடி ஒளிந்தது!

காரணம் இதுதான்: வலக் கண்ணை வலச் சக்கரத்தோடு இணைத்திருந்தோம். வலப்புறம் வெளிச்சம் பட்டால் வலச் சக்கரம் விரைந்து, வண்டி இடப்புறம் திரும்பும். இரு கம்பிகளையும் குறுக்காக மாற்றிப் பற்றவைத்தோம். புதிதாக ஒரு திருகாணிகூடச் சேர்க்கவில்லை. அஞ்சி ஓடிய அதே ஆமை இப்போது டார்ச்சைப் பின்தொடர்ந்து வந்தது. வேடிக்கை பார்க்க வந்த சிஸ்டர் தாமே டார்ச்சை வாங்கி வகுப்பறை முழுதும் அதை அழைத்துச் சென்றார்.

ஆனால் சன்னல் வெளிச்சத்தைக் கண்டதும் சுவரில் முட்டி, மின்கலம் தீரும்வரை அங்கேயே சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டு நின்றது. எல்சிக்கு இருந்த ஓடு அதற்கு இல்லையே! அடுத்து அதைத்தான் செய்யவிருக்கிறோம். பழைய அழைப்பு மணியின் சுவிட்ச் வீட்டில் கிடந்தால் பெற்றோர்கள் கொடுத்தனுப்ப வேண்டுகிறோம்.