உயிர்மின்னெதிர்ப்பு முறையில் உடலின் உட்கூறுகளை அளவிடல்: கருவி அளப்பதும் சமன்பாடு கணிப்பதும்

ஆய்வுச் சுருக்கம்

உடலிலுள்ள நீர், கொழுப்பு, கொழுப்பற்ற நிறை ஆகியவற்றை அறிவதற்கு நலவாழ்வு ஆய்வுகளில் உயிர்மின்னெதிர்ப்பு முறை பரவலாகக் கையாளப்படுகிறது. மின்னோட்டத்திற்கு உடல் காட்டும் எதிர்ப்பை மட்டுமே கருவி நேரடியாக அளக்கிறது; கொழுப்பின் அளவு அதிலிருந்து ஒரு சமன்பாட்டின் வழியாகக் கணிக்கப்படுகிறது. அச்சமன்பாடு ஒரு குறிப்பிட்ட மக்கள் குழுவிடமிருந்து பெறப்பட்டதாதலால், வேறொரு குழுவிற்குப் பயன்படுத்தும்போது முறையான பிழை நேர வாய்ப்புண்டு. இம்முறையின் இயற்பியல் அடிப்படை, அதன் எடுகோள்கள், அளவீட்டு ஒழுங்குகள் ஆகியவற்றை விளக்கி, ஆய்வாளர் பதிவு செய்யவேண்டிய தரவுகள் எவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உயிர்மின்னெதிர்ப்பு, உடலின் உட்கூறுகள், கொழுப்பற்ற நிறை, கட்டக்கோணம், கணிப்புச் சமன்பாடு.

முன்னுரை

புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ இதழில் தம் உடல்களையே சான்றாகக் காட்டிச் சிறு குறிப்பொன்றை வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3 ஆகும். ஆயினும் எக்ஸ் கதிர் அளவீட்டில் யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடாகவும், யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடாகவும் இருந்தன. உயரமும் எடையும் மட்டும் கொண்டு உடலின் உட்கூறுகளை அறிய இயலாது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

எடையைத் தசை, நீர், கொழுப்பு எனப் பகுத்தறியும் தேவை இவ்வாறு எழுகிறது. எக்ஸ் கதிர் அளவீட்டிற்குப் பெரிய கருவியும் தனி அறையும் வேண்டும். டியூட்டீரியம் கலந்த நீரைப் பருகச்செய்து உடல்நீரை அளக்கும் முறைக்கு ஆய்வகப் பகுப்பாய்வு வேண்டும். உயிர்மின்னெதிர்ப்புக் கருவியோ விலை குறைந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்கது. சில நிமிடங்களில் அளவீட்டை முடித்துத் தருவது. எனவே ஆயிரக்கணக்கானோரை உள்ளடக்கும் கள ஆய்வுகளில் அது விரும்பப்படுகிறது. இந்த எளிமையே, அது தரும் எண்ணை நேரடி அளவீடாகக் கருதிவிடும் பிழைக்கும் இடமளிக்கிறது.

இயற்பியல் அடிப்படை

உப்புகள் கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். கொழுப்புத் திசு அவ்வளவாகக் கடத்தாது. தசையில் நீர் மிகுதியாக உள்ளது. ஆதலால் ஒரே உயரமுடைய இருவருள் நீரும் தசையும் மிக்கவரின் உடல் குறைந்த மின்தடையைக் காட்டும்.

ஒரு கடத்தியின் மின்தடை அதன் நீளத்திற்கு நேர்விகிதத்திலும் குறுக்குவெட்டுப் பரப்பிற்கு எதிர்விகிதத்திலும் அமையும். இத்தொடர்பை மாற்றி எழுதினால், கடத்தியின் கனஅளவு நீளத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துப் பெறும் ஈவிற்கு நேர்விகிதத்தில் அமைவது புலனாகும். உடலை ஓர் உருளையாகக் கொண்டு, நீளத்திற்கு ஈடாக உயரத்தை வைத்தால், உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்த எண் உடல்நீரின் அளவைக் குறிக்கும். சான்றாக, 160 செ.மீ. உயரமும் 500 ஓம் மின்தடையும் உடையவருக்கு இக்குறியீட்டெண் 51.2 ஆகும். மின்தடை 520 ஓம் ஆனால் அது 49.2 ஆகக் குறையும்.

மின்தடையோடு மின்மறுப்பு என்னும் மற்றோர் அளவும் பெறப்படுகிறது. செல்களின் சவ்வுகள் நுண்ணிய மின்தேக்கிகளைப் போலச் செயற்பட்டு மின்னோட்டத்தைச் சிறிது தாமதப்படுத்துவதால் இது தோன்றுகிறது. மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்ததே மின்னெதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ் ஆகும். இவ்விரண்டின் விகிதத்திலிருந்து கட்டக்கோணம் கணக்கிடப்படுகிறது. குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் பெரும்பாலும் செல்களுக்கு வெளியேயுள்ள நீரின் வழியாகவே செல்லும். உயர் அதிர்வெண்ணில் சவ்வுகளைக் கடந்து செல்களின் உள்ளும் செல்லும். பல அதிர்வெண் கருவிகள் இப்பண்பைக் கொண்டு செல்லின் உள்நீரையும் வெளிநீரையும் பிரித்தறிய முயல்கின்றன.

முறையின் வளர்ச்சி

1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் தோமாசே, ஊசி மின்முனைகளைக் கொண்டு உடல்நீருக்கும் மின்னெதிர்ப்பிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1969ஆம் ஆண்டில் ஹோஃபரும் உடனாய்வாளர்களும், உயரத்தின் வர்க்கத்தை மின்னெதிர்ப்பால் வகுத்த எண்ணிற்கும் உடல்நீருக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டினர். 1985ஆம் ஆண்டில் லுகாஸ்கி குழுவினர் நலமான 37 ஆண்களிடம் ஆய்வு நடத்தி, கொழுப்பற்ற நிறையைக் கணிக்க இம்முறை உதவும் என நிறுவினர். கையிலும் காலிலும் நான்கு மின்முனைகளைப் பொருத்தி, 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 800 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும் அவர்களது ஏற்பாடு பின்னர்ப் பரவலாயிற்று. 1994ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இம்முறையை மதிப்பிடத் தனி மாநாடொன்றைக் கூட்டின.

கணிப்பின் மூன்று எடுகோள்கள்

மின்தடையிலிருந்து கொழுப்பின் அளவை அடையும் பாதையில் மூன்று எடுகோள்கள் உள்ளன.

முதலாவது, உடல் ஒரே சீரான உருளை என்பது. உண்மையில் கைகளும் கால்களும் மெல்லியவை, நடுவுடல் அகன்றது. உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்கும் நடுவுடல், முழு உடலின் மின்னெதிர்ப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கையே தருகிறது. எனவே வயிற்றுப் பகுதியில் ஏற்படும் மாற்றம் முழு உடல் அளவீட்டில் தெளிவாக வெளிப்படுவதில்லை. உயரத்தில் கால்களின் பங்கு மிகுந்தோருக்கு மின்தடை மிகுந்து, கொழுப்பு உள்ளதைவிடக் கூடுதலாகக் கணிக்கப்படலாம்.

இரண்டாவது, கொழுப்பற்ற நிறையில் 73 விழுக்காடு நீர் என்பது. ஒருவரின் எடை 60 கிலோகிராம், கொழுப்பற்ற நிறை 45 கிலோகிராம், கொழுப்பு 15 கிலோகிராம் எனக் கொள்வோம். அவரது கொழுப்பற்ற நிறையில் நீரின் பங்கு 75 விழுக்காடாயின் உடல்நீர் 33.75 கிலோகிராம் ஆகும். இந்நீரின் அளவு பிழையின்றி அறியப்பட்டாலும், 73 விழுக்காடு என்னும் எடுகோளின்படி கொழுப்பற்ற நிறை 46.2 கிலோகிராம் என்றும் கொழுப்பு 13.8 கிலோகிராம் என்றும் விடை வரும். இல்லாத தசை ஒரு கிலோகிராமுக்கு மேல் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சிறுநீரக நோயாலோ இதய நோயாலோ உடலில் நீர் கோத்தவரிடம் இப்பிழை பெரிதாகும். தசை கரைந்து நலிந்த நோயாளி, தாளில் தசை குறையாதவராகத் தோன்றுவார். அவருக்குரிய ஊட்டச்சத்துச் சிகிச்சை தள்ளிப்போகவும் கூடும்.

மூன்றாவது, சமன்பாடு உருவான மக்கள் குழுவும் ஆய்வுக்குரிய மக்கள் குழுவும் ஒத்தவை என்பது. வயது, பாலினம், உடலமைப்பு, மரபினம் ஆகியவை மாறும்போது சமன்பாட்டின் கெழுக்களும் மாறுகின்றன. தென்னாசியர் ஒரே குறியீட்டெண்ணில் ஐரோப்பியரைவிட மிகுந்த கொழுப்பு உடையோராக இருப்பது பல ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய குறியீட்டெண்களைக் கூடுதல் நடவடிக்கை எல்லைகளாகப் பரிந்துரைத்ததற்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும். எடையையும் உயரத்தையும் உள்ளீடாகக் கொள்ளும் ஐரோப்பியச் சமன்பாடு, எந்த வேறுபாட்டைக் கண்டறிய ஆய்வு தொடங்கப்பட்டதோ அதனையே மறைத்துவிடக்கூடும்.

அளவீட்டு ஒழுங்குகள்

அளவீட்டிற்கு முன் சில மணி நேரம் உணவும் கடும் உடற்பயிற்சியும் தவிர்க்கப்பட வேண்டும். சிறுநீர் கழித்தபின், உலோக அணிகளை நீக்கி, மல்லாந்து படுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓய்வு கொள்ளுதல் நன்று; எழுந்து நிற்கும்போதும் படுக்கும்போதும் உடல்நீர் இடம்பெயர்வதே இதற்குக் காரணம். கைகள் நடுவுடலைத் தொடாமலும் தொடைகள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்க வேண்டும். தொட்டால் மின்னோட்டத்தின் பாதை குறுகிவிடும். காய்ச்சல், வியர்வை, அறையின் வெப்பநிலை ஆகியனவும் அளவைப் பாதிக்கும். இதயமுடுக்கி பொருத்தப்பட்டோரிடம் இவ்வளவீட்டைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. ஒருவரைப் பல மாதங்கள் தொடர்ந்து ஆராயும்போது கருவி, நேரம், உடல்நிலை ஆகியவை ஒவ்வொரு முறையும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஒட்டுறவும் ஒப்புமையும்

புதிய முறை பழைய முறையோடு 0.9 என்னும் ஒட்டுறவுக் கெழுவைக் காட்டினால் போதும் எனக் கருதும் போக்கு ஆய்வேடுகளில் காணப்படுகிறது. ஒரு கருவி ஒவ்வொருவரின் கொழுப்பையும் சரியாக ஐந்து விழுக்காட்டுப் புள்ளி குறைத்துக் காட்டினாலும் ஒட்டுறவு முழுமையாகவே இருக்கும். பிளாண்ட், ஆல்ட்மன் ஆகியோர் 1986ஆம் ஆண்டில் இதனைச் சுட்டிக்காட்டி, இரு முறைகளின் வேறுபாட்டுச் சராசரியையும் அவ்வேறுபாடு பரவியுள்ள எல்லைகளையும் கணக்கிட வேண்டும் என விளக்கினர். குழுவின் சராசரியை ஓரளவு சரியாகத் தரும் முறை, தனி மனிதரைப் பொறுத்தவரை பெரும் பிழை உடையதாக இருக்கலாம். மக்கள் கணக்கீட்டிற்குத் தகுந்த எண் மருத்துவ முடிவிற்கும் தகுந்ததாகும் எனக் கொள்ளுதல் கூடாது.

பதிவு செய்ய வேண்டியவை

கொழுப்பு விழுக்காட்டை மட்டும் குறித்து வைக்கும் ஆய்வு, கருவிக்குள் பொதிந்த சமன்பாட்டிற்கு என்றென்றும் கட்டுப்பட்டதாகிறது. பல வணிகக் கருவிகளின் சமன்பாடுகள் வெளியிடப்படுவதில்லை. அதற்கு மாறாக மின்தடை, மின்மறுப்பு, அதிர்வெண், கருவியின் மாதிரி, மின்முனைகளின் இடம், பயன்படுத்திய சமன்பாடு, அது உருவான மக்கள் குழு ஆகியவற்றைப் பதிவு செய்தால், நாளை பொருத்தமான சமன்பாடு கிடைக்கும்போது பழைய தரவைப் புதிதாகக் கணக்கிடலாம். 2006 முதல் 2010 வரை சுமார் ஐந்து இலட்சம் பேரைச் சேர்த்த ‘யூகே பயோபேங்க்’ ஆய்வு, கணித்த கொழுப்போடு முழு உடல், கைகள், கால்கள் ஆகியவற்றின் மின்னெதிர்ப்பையும் தனித்தனியே சேமித்து வைத்துள்ளது. இது பின்பற்றத்தக்க நடைமுறையாகும். நோயாளிகளை ஆராயும்போது, உடல்நீர் பற்றிய நிலையான விகிதத்தையோ எடையையோ சாராத கட்டக்கோணத்தையும் சேர்த்து வெளியிடுதல் பயன் தரும்.

முடிவுரை

உயிர்மின்னெதிர்ப்பு முறை எளியது, வலியற்றது, கள ஆய்விற்கு ஏற்றது. அதன் குறை கருவியில் இருப்பதைவிடக் கருவியின் விடையைப் படிக்கும் முறையிலேயே மிகுதியாக உள்ளது. மின்தடை என்பது அளவீடு; கொழுப்பு என்பது அதன்மேல் எழுப்பப்பட்ட கணிப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, ஆய்வுக்குரிய மக்களிடமே சமன்பாட்டைச் சரிபார்த்து, மூல அளவுகளையும் வெளியிடும் ஆய்வே பிறர் நம்பிக் கையாளத்தக்க தரவை வழங்கும். இந்திய மக்களின் உடல்நலனை இந்திய உடல்களைக் கொண்டே மதிப்பிட, டியூட்டீரியம் முறையுடனும் எக்ஸ் கதிர் அளவீட்டுடனும் ஒப்பிட்டு, வயது, பாலினம், வட்டாரம் வாரியாகச் சமன்பாடுகளைச் சரிபார்ப்பது இத்துறையில் மேற்கொள்ளப்பட வேண்டிய பணியாகும்.