"இன்னும் 4 மாசம் இருக்குதே சார்!" விமானம் ஏற முடியாமல் திரும்பிய 9 வயது சிறுவன்

சென்னை,

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ராத்திரி 9 மணிக்கு மேல் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் விமானங்களுக்கு நீண்ட வரிசை நிற்கும். அந்த வரிசையிலிருந்து யாராவது ஒருவர் முகம் வெளிறிப் போய், பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருவது உண்டு.

சமீபத்தில் அப்படி வந்தவர், பழைய வண்ணாரப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரி. கூட மனைவி, 70 வயது மாமியார், 9 வயது மகன். கோலாலம்பூரில் மனைவியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். பட்டுப்புடவை, சீர்வரிசை, முறுக்கு டின் எல்லாம் பெட்டியில்!

கவுண்ட்டரில் இருந்த பெண் நாலு பாஸ்போர்ட்டையும் புரட்டினார். மூன்றை ஒரு பக்கம் வைத்தார். பையனுடையதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதுல ஆறு மாசம் இல்லையே சார்" என்றாராம்.

"இன்னும் நாலு மாசம் முழுசா இருக்குதே! நாங்க அஞ்சாம் நாளே திரும்பிடுவோமே" என்று வியாபாரி வாதாடினார். மேலதிகாரி வந்தார். அவரும் கைவிரித்தார்.

ஆறு மாத கணக்கு

மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குள் நுழைய, போய் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் தேதியை நம்பிப் போனால் அவ்வளவுதான். ஆவணம் சரியில்லாத ஆளை ஏற்றிப் போனால் விமானக் கம்பெனி அபராதம் கட்ட நேரிடும். திருப்பி அழைத்து வரும் செலவும் அதன் தலையில். அதனால்தான் இங்கேயே மறித்து விடுகிறார்கள்.

"டிக்கெட் போடறப்ப பேரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க. இத ஒருத்தரும் கேக்கலையே" என்று நம்மிடம் புலம்பினார் வியாபாரி. முன்பெல்லாம் விசாவுக்குக் கொடுத்தால் அங்கேயே பிடித்து விடுவார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா அறிவித்தது. வசதிதான்! ஆனால், முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

பையனுக்கு மட்டும் ஏன்?

"எல்லாரும் ஒண்ணாத்தான் எடுத்தோம்" என்கிறார் மனைவி. உண்மைதான். ஆனால் பெரியவர்களுக்கு 10 வருஷம், சிறுவர்களுக்கு 5 வருஷம்தான். அப்பா புத்தகத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் புத்தகத்தைத் திறக்காமலே கிளம்புகிறவர்கள் அநேகம்.

கவுண்ட்டர் மூட ஒரு மணி நேரம்கூட இல்லை. மாமியாருக்குத் துணை வேண்டும். "நீ அம்மாவைக் கூட்டிக்கிட்டு போ. தாலி கட்டும்போது நீயாவது பக்கத்துல நில்லு" என்று மனைவியை அனுப்பிவிட்டு, மகனோடு வெளியே வந்தார் வியாபாரி.

"நான் இன்னா தப்புப்பா பண்ணேன்?" என்று பையன் கேட்டானாம். டாக்சியில் வீடு வரும்வரை அழுகை நிற்கவில்லை.

இரண்டு டிக்கெட் பணத்தில் வரி, கட்டணம் என்று கொஞ்சம் திரும்பும். மீதி கோவிந்தா!

தட்கல் இருக்கிறதே?

இருக்கிறது. சிறுவர்களின் 36 பக்க புத்தகத்துக்கு 1000 ரூபாய், தட்கலுக்கு மேலும் 2000. பெரியவர்களுக்கு 1500, அதற்கு மேல் அதே 2000. ஆனால் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் முன்பதிவு செய்து நேரில் போக வேண்டும். சிறுவர் என்றால் அப்பா, அம்மா இருவர் சம்மதமும் வேண்டும். புத்தகம் தபாலில்தான் வரும். ராத்திரி விமானத்துக்கு மத்தியானம் ஓடினால் நடக்காது. காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பே மனுப் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு விஷயம். புதுப்பித்தல் என்று பேச்சுக்குச் சொன்னாலும் வருவது புதுப் புத்தகம், புது நம்பர். பழைய நம்பரைக் கொடுத்து டிக்கெட்டோ விசாவோ வாங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கல்யாணத்தை அப்பாவும் மகனும் கடையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தார்கள். மனைவி ஊர் திரும்பியதும் மனுக் கொடுத்து, பையனுக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் இன்னும் அதே அழுத முகத்தோடுதான் படத்தில் இருக்கிறான்.